எம்.டி.ஐ. அதிகம் என்று இன்டர்வியூவில் கழித்துவிட்டார்களா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. வாய்ஸ் பிராசஸ் (கஸ்டமரிடம் போனில் பேசும் வேலை) இன்டர்வியூவில் 'எம்.டி.ஐ. அதிகம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க ஆக்சென்ட் வகுப்பில் சேரலாமா?

பதில்: ஆக்சென்ட் ஆசையை முதலில் ஓரமாக வையுங்கள். எம்.டி.ஐ. என்பது தாய்மொழிச் சாயல். அது யார் பேச்சிலும் இருக்கும். எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகிற இடங்கள்தான் சிக்கல். அவை கொஞ்சம்தான்.

பெரிய சிக்கல், அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை ஓங்கும், மற்றவை தேய்ந்துபோகும். டெவலப்மென்ட்டில் நாம் 'டெ'யை அழுத்துவோம். அழுத்தம் விழவேண்டியது அடுத்த அசையில், 'டிவெலப்மன்ட்' என்று. போனில் பணம் பேசும்போது இது வினையாகிவிடும். தேர்ட்டீனில் 'டீன்' நீள வேண்டும், தேர்ட்டியில் 'தேர்' ஓங்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் 13 டாலர் 30 டாலராகப் பதிவாகும், அப்புறம் கஸ்டமரிடம் திட்டு வாங்குவது நீங்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இணைய அகராதிகளில் ஒலியைக் கேட்கலாம். அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடும் இருக்கும். வேலையில் தினமும் வரும் சொற்களில் ஆரம்பியுங்கள். ரீஃபண்ட் பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையிலும், வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம்.

அடுத்தது, சொல்லின் கடைசியில் தானாக ஒட்டிக்கொள்ளும் உகரம்: செக்கு, மெயிலு, ஆர்டரு. இதற்குப் பள்ளியில் படித்த புணர்ச்சியே போதும். மெய்யின் மேல் உயிர் ஏறும் இல்லையா? 'செக் இட் அவுட்' என்று மூன்றாக வெட்டாமல் 'செக்கிட்டவுட்' என்று ஓடவிடுங்கள், உகரம் நுழைய இடமிருக்காது. (தமிழ் வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.)

எவ்ரியை 'யெவ்ரி' என்றும் ஓன்லியை 'வோன்லி' என்றும் சொல்வது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாலே குறையும்.

சரி, வகுப்பு? முப்பது பேரை உட்காரவைத்துக் கோரஸாகச் சொல்ல வைக்கும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் பேச்சைப் பதிவுசெய்து தனியாகத் திருத்துவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அதுவரை வீட்டிலேயே செய்யலாம். மின்ட் பஸ் ஸ்டாண்டிலிருந்து சென்ட்ரலுக்கு எப்படிப் போவது என்று வெளியூர்க்காரருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்வதுபோல் இரண்டு நிமிடம் போனில் பதிவுசெய்யுங்கள். அதை நம்ம ஏரியா தெரியாத ஒரு நண்பருக்கு அனுப்பி, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதிய சொற்களை மட்டும் எடுத்து அடுத்த வாரம் பழகுங்கள்.