தோட்டா உறைக்குள் காலி இடம்: பஞ்சு வைக்கலாமா?

கைத்துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்த்து, தோட்டாவையும் தாமே நிரப்பிக்கொள்ளும் உரிமதாரர்கள் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வெடிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் இடத்தில் பஞ்சு, சமையல் ரவை போன்ற ஃபில்லரை, அதாவது இடம் நிரப்பும் பொருளை, வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்பதுதான் அது. கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: .45 கோல்ட் ரிவால்வர் தோட்டாவின் உறையில் மிதமான அளவு மருந்துதான் போடுகிறேன். பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. துப்பாக்கியைச் சாய்த்தால் மருந்து முன்னும் பின்னும் ஓடுகிறது, குண்டின் வேகமும் மாறிக்கொண்டே இருக்கிறது. மேலே கொஞ்சம் பாலியெஸ்டர் பஞ்சு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

வேகம் மாறுவது உண்மை. .45 கோல்ட் 1873-இல் கருமருந்துக்காகப் பிறந்த உறை. அதை நிறைத்தால்தான் அன்று வேலை நடந்தது. இன்றைய புகையில்லா மருந்து அதைவிடப் பல மடங்கு வீரியமானது, கொஞ்சம் போட்டாலே போதும். அதனால்தான் அவ்வளவு இடம் மிஞ்சுகிறது. குழல்வாய் மேல்நோக்கி இருந்துவிட்டுச் சுட்டால் மருந்து உறையின் அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமரை ஒட்டிக் கிடக்கும், வேகம் கூடும். கீழ்நோக்கி இருந்துவிட்டுச் சுட்டால் மருந்து குண்டின் பக்கம் போய்விடும், வேகம் குறையும்.

பஞ்சு வைத்தால் மருந்து பிரைமர் அருகிலேயே நிற்கும், வேகமும் சீராகும், கூடவும் செய்யும். பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேகம் ஏன் கூடியது? அழுத்தம் கூடியதால்தான். வாயு விரிய இருந்த இடம் சுருங்கிவிட்டது. வெளியே தள்ள வேண்டிய எடை கூடிவிட்டது. மருந்தும் ஒரே சீராகப் பற்றிக்கொள்கிறது. உங்கள் கையேட்டில் உள்ள அளவு, ஃபில்லர் இல்லாமல் அளந்து எழுதப்பட்டது. பஞ்சு உள்ளே போனதும் அந்த அட்டவணை உங்கள் தோட்டாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. .45 கோல்ட்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). .357 மேக்னத்துக்கு அது 35,000. உங்கள் ரிவால்வர் எந்த வரம்புக்குச் செய்யப்பட்டதோ, அதற்குள் நிற்கிறீர்களா என்பதை இனி உங்களால் சொல்ல முடியாது.

செய்ய வேண்டாம் என்பதே என் பதில். மருந்தை மாற்றுங்கள். உறையில் அதிக இடம் பிடிக்கும் பருமனான மருந்துகள் இதற்காகவே செய்யப்பட்டன. உறைக்குள் எங்கே கிடந்தாலும் அதிகம் வேறுபடாமல் எரியும் மருந்துகளும் உண்டு. கையேட்டில் உங்கள் குண்டின் எடைக்கு நேரே எது இருக்கிறது என்று தேடுங்கள்.

கேள்வி: நான் போடுவதே சின்ன அளவு. அழுத்தம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்?

அளவு சின்னதாக இருப்பதுதான் எனக்குக் கவலை. .38 ஸ்பெஷல் உறையில் வேகமாக எரியும் மருந்து ஏறக்குறைய மூன்று கிரெயின் போடுவதாக வைத்துக்கொள்வோம், அது 0.2 கிராம்கூட வராது. அதே உறையில் அதைப் போல இரண்டு பங்கு தாராளமாகப் பிடிக்கும், குண்டும் எந்தத் தடையும் இல்லாமல் அதன் மேல் உட்காரும். அப்படி இரட்டிப்பாகப் போடப்பட்ட ஒரு தோட்டா, ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரைப் பிளந்துவிடலாம்.

இதைத் தடுக்க நம்மிடம் இருக்கும் முதல் காவல் கண்தான். மருந்து போட்ட உறைகளைக் கட்டையில் வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு வாயாக எட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே ஆழத்தில் கரிய வட்டமாகத் தெரியும். ஒன்றில் மட்டும் வட்டம் மேலே ஏறியிருந்தால் கண்ணில் உடனே படும். வட்டமே இல்லாமல் அடியில் பித்தளை மின்னினால் அதுவும் படும். அந்த உறைகளில் ஆளுக்கொரு சிட்டிகை பஞ்சு வைத்துவிட்டால் என்ன தெரியும்? ஐம்பது வெள்ளைப் புள்ளிகள்தான். இரட்டிப்பு மருந்து போட்டதும் ஒன்றுதான், மருந்தே போடாததும் ஒன்றுதான். மருந்து போடாத தோட்டாவை எளிதாக எண்ண வேண்டாம். பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். சத்தம் மெலிந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைத்துவிடும் அல்லது வெடித்துவிடும்.

கேள்வி: என்னிடம் வேகமானி இருக்கிறது. பிரைமர் தட்டையாகிறதா என்றும் பார்க்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் பாதுகாப்புதானே?

வேகமானி வேகத்தை அளக்கிறது. அழுத்தம் எந்த நொடியில் எவ்வளவு உயர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. ஒரே வேகத்தைத் தரும் இரண்டு தோட்டாக்களின் உச்ச அழுத்தம் வெகுவாக வேறுபடலாம்.

பிரைமர் தட்டையாவது, உறை ஒட்டிக்கொள்வது எல்லாம் மிக உயர்ந்த அழுத்தத்தில் தோன்றும் அறிகுறிகள். .45 கோல்ட், .38 ஸ்பெஷல் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களில் அவை கண்ணுக்குத் தெரியும்போது வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழல் இல்லாத ஒருவர் ஃபில்லரோடு அளவைக் கூட்டிப் பார்ப்பதைச் சோதனை என்று நான் ஏற்க மாட்டேன். சோதனைக்கு ஓர் அளவீடு வேண்டும், இங்கே அளக்க வேண்டியதே அளக்கப்படவில்லை.

கேள்வி: அறையில் வளையம் விழும் என்று பயமுறுத்துகிறார்கள். அப்படி என்றால் என்ன?

துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரில், குண்டின் அடிப்பகுதி இருந்த இடத்துக்கு நேராக, சுற்றிலும் ஒரு புடைப்பு விழுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மருந்தின் மேல் அட்டை வில்லையோ அழுத்திய பஞ்சோ இருந்து, அதற்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கும்போது இது நேர்கிறது. மருந்து பற்றியதும் அந்த அடைப்பு முன்னால் பாய்ந்து, அசையாமல் நிற்கும் குண்டின் அடியில் மோதுகிறது; மோதிய இடத்தில் ஒரு கணம் அழுத்தம் குவிகிறது. நுட்பமாக எப்படி நடக்கிறது என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. வளையம் விழுவதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. .45-70 போன்ற, கழுத்து குறுகாத நேர் உறைத் தோட்டாவைச் சுடும் நீள்துப்பாக்கிகள் பல இப்படிப் பாழாகியிருக்கின்றன.

முதலில் தெரியும் அடையாளம், சுட்ட உறை வெளியே வர அடம்பிடிப்பது. உறையை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள், குண்டின் அடி இருந்த உயரத்தில் மெல்லிய மேடு நகத்தில் தட்டுப்படும். ரிவால்வரில் சிலிண்டர் சுவர் மெலிது, சிலிண்டரை நிறுத்திப் பிடிக்கும் பூட்டுப் பள்ளங்களுக்கு நேரே இன்னும் மெலிது. புடைத்த சிலிண்டரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவெளி விடாமல் முழுக்க அடைத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ரிவால்வர் பின்னுக்கு உதைக்கும்போது, சுடப்படாமல் காத்திருக்கும் தோட்டாக்களுக்குள் இருப்பவை முன்பக்கமாக நகரப் பார்க்கும். நீங்கள் வைத்த பஞ்சு வைத்த இடத்திலேயே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: கருமருந்துக்காரர்கள் காலங்காலமாகச் சோள மாவும் ரவையும் போட்டுத்தானே சுடுகிறார்கள்?

ஆமாம், அங்கே அது சரி. கருமருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளியே இருக்கக் கூடாது. மருந்தைக் குறைத்தால் மீதியை எதையாவது வைத்து நிரப்பியே ஆக வேண்டும். புகையில்லா மருந்தின் குணம் வேறு. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும், எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். கருமருந்தில் இந்தச் சுழற்சி அவ்வளவு கடுமையாக இல்லை. அங்கே பாதுகாப்புக்காக வந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஆபத்தாகிவிடும்.

ரவைக்கு வேறு தொல்லைகளும் உண்டு. அதன் எடை குண்டின் எடையோடு சேர்ந்துகொள்ளும். வண்டியில் குலுங்கினால் மருந்தோடு கலக்கும், ஈரம் பட்டால் கட்டியாகும். கழுத்து குறுகிய உறையில் தோள்பட்டை அருகே இறுகிக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அந்த வகை உறையில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கேள்வி: இலவம் பஞ்சு?

மேலே சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும். கூடுதலாக, இது கனன்றுகொண்டே வெளியே விழலாம். காய்ந்த புல்லில் தீப்பிடிக்க அது போதும்.

கேள்வி: எனக்கு வேகச் சீரெல்லாம் பெரிதில்லை. குழலில் ஈயம் அப்பிக்கொள்கிறது. சூடான வாயு குண்டின் அடியை அரிக்காமல் ஃபில்லர் காக்கும் என்று படித்தேன்.

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு எழுதலாம். ஈயம் அப்புவதற்குப் பெரும்பாலான நேரம் காரணம், குண்டு குழலுக்குப் பொருந்தாததுதான். மென்மையான ஈயத் துண்டு ஒன்றில் எண்ணெய் தடவி, காலித் துப்பாக்கியின் குழல் வழியே மெல்லத் தட்டி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். குண்டின் விட்டம், குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் காடியின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். ரிவால்வரானால் சிலிண்டர் அறைகளின் முன்வாயையும் அளக்க வேண்டும். முன்வாய் காடியைவிடக் குறுகலாக இருந்தால் நீங்கள் எவ்வளவு பெரிய குண்டு வார்த்தாலும் அது அங்கேயே நசுங்கிச் சிறுத்துவிடும், வாயு பக்கவாட்டில் புகுந்து அரிக்கும். எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் அந்த முன்வாய் அகலமாகாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலாளி அதைச் சீராகத் துளைத்துத் தருவார்.

ஈயம் எங்கே அப்புகிறது என்று பாருங்கள். குழலின் தொடக்கத்திலேயே என்றால் விட்டத்தைச் சந்தேகியுங்கள். குழல்வாய்ப் பக்கம் என்றால் மசகு போதவில்லை. கடினத்தையும் கவனியுங்கள்: பிரினெல் அளவில் சுத்த ஈயம் 5, அச்சு எழுத்து உலோகமான லைனோடைப் ஏறக்குறைய 22. கடினமான குண்டு நல்லது என்று நினைத்து, மெதுவான தோட்டாவுக்கு லைனோடைப்பில் வார்க்கிறார்கள். அந்தக் குறைந்த அழுத்தத்தில் அது விரிந்து குழலை அடைக்காது. அதன் பிறகும் அடிப்பகுதி அரித்தால், அதற்கென்றே உள்ள செப்புத் தொப்பியைப் பொருத்துங்கள், அல்லது குண்டுக்குச் சூடேற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக் பொடிப் பூச்சான பவுடர் கோட்டிங் கொடுங்கள்.

கேள்வி: எச்110 மருந்தைக் குறைத்துப் போட்டு, மிச்ச இடத்தில் பஞ்சு வைக்கலாமா?

கூடாது. எச்110, டபிள்யூ296 இரண்டையும் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அவற்றை விற்கும் நிறுவனமே எச்சரிக்கிறது. மெதுவான தோட்டா வேண்டும் என்றால் வேறு மருந்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு பெரியவர் முப்பது வருடமாகப் பஞ்சு வைத்தே சுடுகிறார். ஒன்றும் ஆகவில்லையே?

அவர் சொல்வதை நம்புகிறேன். அவர் துப்பாக்கி, அவர் மருந்து, அவர் அளவு, அவர் கை அழுத்தும் விதம் எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒத்துவந்திருக்கிறது. அதில் எத்தனை உங்களிடம் அப்படியே இருக்கிறது? அழுத்தத்தை அவரும் அளந்ததில்லை. அவர் சிலிண்டரை மைக்ரோமீட்டரால் யாராவது அளந்திருக்கிறார்களா என்றும் அவரிடம் மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏற்கெனவே ஒரு பெட்டி நிறையப் பஞ்சு வைத்து நிரப்பிவிட்டேன். சுட்டுத் தீர்த்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. இன்றே பெட்டியின் மேல் பெரிதாக எழுதி, மற்றத் தோட்டாக்களிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு கண்ணாடி அணிந்து, குண்டு உருவும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். குண்டையும் உறையையும் மறுபடி பயன்படுத்தலாம். பஞ்சு இழை கலந்த மருந்தைச் சலித்துக் குப்பிக்குள் திருப்பிப் போடாதீர்கள். திறந்த வெளியில் மெல்லிய கோடாகப் பரப்பி, தள்ளி நின்று எரித்துவிடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வோர் உறையிலும் எவ்வளவு மருந்து இருந்தது என்று எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தனவா என்று எனக்கும் எழுதுங்கள்.