தி கிளாஷ் குழுவை எங்கிருந்து கேட்பது?

நண்பரே, தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் இசைக்குழுவின் ‘சாண்டினிஸ்டா’ பாடல் தொகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று இசைத்தட்டுகள், 36 பாடல்கள். புதிதாகக் கேட்பவருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். 1977இல் வந்த முதல் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். 1976இல் லண்டன் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களும் காவலர்களும் மோதியபோது குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் பேஸ் கிதார் கலைஞர் பால் சிமனனும் அங்கே இருந்தார்கள். அந்தச் சூடு பாட்டில் அப்படியே இருக்கிறது. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பாடினார்கள்.

அடுத்து, 1979இன் ‘லண்டன் காலிங்’. இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்குக் கொடுத்தார்கள்; ரசிகரின் சட்டைப்பையையும் நினைத்துப் பார்த்த குழு அது! ஜமைக்காவின் ரெகே இசைத் தாளம் அதில் காதுக்குப் பழகிவிடும். பிறகு சாண்டினிஸ்டாவுக்குத் திரும்புங்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும்.