தூசி நிற்கும், வாயு நிற்குமா?

கேள்வி: எங்கள் ஏழு வயது மகனுக்கு வீசிங் உண்டு. கோடையில் வெளியே புகையும் புழுதியுமாக இருக்கிறதே என்று, கண்ணாடியை முழுக்க ஏற்றி ஏசி போட்டுத்தான் காரில் கூட்டிப் போகிறோம். அப்படியும் மதியம் நெரிசலில் மாட்டினால் இருமத் தொடங்கிவிடுகிறான். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் போன வாரம்தான் காற்றடித்துச் சுத்தம் செய்தோம். பிறகும் ஏன் இப்படி?

பதில்: சகோதரி, ‘காற்றடித்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒர்க்‌ஷாப் ஆரம்பித்த புதிதில் நானும் அப்படிச் செய்து, அதே ஃபில்டரை மறுபடி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியும் தூசி பறக்கும். இழைகளுக்குள் சிக்கிய நுண்துகள் அப்படியே இருக்கும். அழுத்தம் அதிகமானால் இழைகளே விலகிவிடும். தண்ணீரில் அலசுவது இன்னும் மோசம். பல ஃபில்டர்களில் இழைக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், நுண்துகளை இழுத்துப் பிடிப்பதே அதுதான். நனைந்தால் அந்தச் சக்தி குறைந்துவிடும். கேபின் ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும். பொதுவாக வருடம் ஒருமுறை அல்லது 15,000 கிலோமீட்டர். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே. புளோயர் சத்தம் மட்டும் கூடி, காற்று மெலிந்து வந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ஆனால் உங்கள் மகனின் இருமலுக்குத் தூசி மட்டும்தான் காரணமா என்பது எனக்குச் சந்தேகம். மதிய நேரம் என்கிறீர்கள், கோடை என்கிறீர்கள். அந்த வேளையில் காற்றில் ஓசோன் கூடும். அது சைலன்சரிலிருந்து நேராக வருவதில்லை. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரிபொருள் ஆவி போன்றவையும் கடும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. அதனால்தான் காலையைவிட மதியத்திலும் பிற்பகலிலும் அதிகம். மூச்சுக்குழாயை எரிச்சலூட்டிச் சுருங்க வைக்கும், வீசிங் உள்ள பிள்ளைகளை முதலில் தாக்கும். வானத்தில் உயரே இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. தரையில் இருப்பது அப்படி இல்லை.

சாதாரண ஃபில்டர் துகளைத்தான் தடுக்கும். மகரந்தம், புழுதி, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத 2.5 மைக்ரான் துகளில் கணிசமான பகுதி எல்லாம் அதில் நிற்கும். ஓசோன் வாயு, தாராளமாக உள்ளே வந்துவிடும். அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும். பெட்டியில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று போட்டிருக்கும். ஒரு கிராம் கரியில் உள்ள நுண்துளைகளை விரித்தால் பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல். ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் புகை நாற்றமும் பெருமளவு அங்கேயே தங்கிவிடும். வாங்கும்போது ஐஎஸ்ஓ 11155 தரப்படி சோதித்ததா என்று பாருங்கள். முதல் பாகம் துகளுக்கு, இரண்டாவது வாயுவுக்கு. மாட்டும்போது அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் நுழையும்.

அப்புறம், ரீசர்குலேஷன் பட்டன். அழுத்தினால் வெளிக்காற்றை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும். வெளிக்காற்று பெரும்பாலும் முன்கண்ணாடியின் அடியில், வைப்பருக்குப் பக்கத்தில்தான் நுழைகிறது. முன்னால் நிற்கும் லாரியின் புகை நேரே அங்கே வரும். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மூச்சுத் தொல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பார், லாரி வந்தாலே என் தோளைத் தட்டுவார். நான் பட்டனை அழுத்துவேன். லாரி விலகியதும் எடுத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விடாமல் அழுத்தியே வைத்திருக்கக் கூடாது. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு; மூடிய காரில் நாலு பேர் இருந்தால் கால் மணி நேரத்துக்குள் 2,000-ஐத் தாண்டிவிடலாம். ஓட்டுபவருக்குத் தூக்கக் கலக்கம் வரும்.

வெயிலில் நின்ற வண்டி என்றால் முதலில் கதவுகளைத் திறந்து, சூடேறிய பிளாஸ்டிக் வாடை போன பிறகு பிள்ளையை ஏற்றுங்கள். வேலையைக் காலையில் முடித்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. இன்ஹேலர் கையோடு இருக்கட்டும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட வேண்டாம். அந்தச் சூட்டில் குப்பி வெடிக்கக்கூடும். நான் மெக்கானிக்தான், மருத்துவர் இல்லை. எந்த நேரத்தில், எங்கே இருமுகிறான் என்று குறித்து வைத்து அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டர் புதிதாக மாற்றியாயிற்று. அது போதாதா?

பதில்: அது இன்ஜினுக்கு. நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்கு இருப்பது வேறு. பல கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சர்வீஸ் பில்லில் இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கரி ஃபில்டர் போட்டுவிட்டேன். நிறுத்திய வண்டியில் ஏசி போட்டுக் கொஞ்சம் தூங்கலாமா?

பதில்: பெட்ரோல், டீசல் வண்டி என்றால் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடை இந்தக் கரி பிடிக்காது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடினால் உயிரே போகும். ஓடும் வண்டியிலும் புகை வாடையோடு தலைவலி, குமட்டல் வந்தால் உடனே கண்ணாடிகளை இறக்கி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்குங்கள். சைலன்சர் பைப்பில் எங்காவது கசிகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.