கண்ணை மூடினால் கடன் அடையுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். எல்லை தாண்டியதாகச் சொல்லி எங்கள் விசைப்படகைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், நகைக்கடன், டீசல் பாக்கி எல்லாம் அப்படியே நிற்கிறது. அப்பா யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நண்பர் ஒருவர் சொல்லி, பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே இருந்தவரை மனம் லேசாக இருந்தது. ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது உட்கார்ந்தால் மூச்சு தெரியவில்லை, கடன்காரர் முகம்தான் தெரிகிறது. 'கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தா கடன் அடைஞ்சிருமா?' என்று மனைவி கேட்கிறாள். நான் செய்வது தப்பித்தலா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. கடன் அடையாது. அவரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசியது அவருடைய உரைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. ஒருவனை அம்பு தைக்கிறது, உடம்பு வலிக்கிறது. பயிற்சி இல்லாதவன் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, இரண்டாவது அம்பும் தைத்தவன் போல ஆகிவிடுகிறான். பயிற்சி உள்ளவனுக்கும் முதல் அம்பு வலிக்கத்தான் செய்யும். படகு போனது முதல் அம்பு. 'அன்றைக்குக் கடலுக்கு அனுப்பியிருக்கக் கூடாது', 'ஊரில் என்ன பேசுகிறார்களோ', 'இனி நம் குடும்பம் எழுந்திருக்காது' என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிறதே, அது இரண்டாவது. தியானத்தால் தொட முடிவது இதை மட்டும்தான்.

வகுப்பில் இருந்த நிம்மதி ஊருக்கு வந்ததும் போனதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அங்கே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கிறது, நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, யாரும் யாரோடும் பேசக் கூடாது. பாக்கி கேட்க யாரும் வரமாட்டார்கள். முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனித்து, நான்காம் நாளில்தான் உடம்பின் உணர்ச்சிகளுக்குப் போகிறார்கள். நீங்கள் அங்கே கற்றுக்கொண்டது அந்த முறையைத்தான். நிம்மதி அந்த இடம் கொடுத்தது.

உட்கார்ந்தால் கடன்காரர் முகம் வருகிறது என்கிறீர்கள். வரட்டும். அவரை விரட்டிவிட்டு மூச்சைப் பிடிக்கப் போராட வேண்டாம். அவர் முகம் வந்ததும் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாடை இறுகுகிறதா? தொப்புளுக்கு மேலே ஒரு கையளவு இடம் கெட்டியாகிறதா? சூடா, அழுத்தமா? அது ஒரே மாதிரி இருக்கிறதா, கூடிக் குறைகிறதா? கவனித்துக்கொண்டே இருந்தால் அது மாறிக்கொண்டே இருப்பது தெரியும். இதையே பகலிலும் செய்யலாம். போன் அடிக்கிறது, திரையில் வியாபாரியின் பெயர். கட்டைவிரல் தானாகச் சத்தத்தை அமுக்கப் போகும். அங்கே ஒரு நொடி நில்லுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்வதை உணர்ந்து, இரண்டு மூச்சு விட்டு, அப்புறம் எடுத்துப் பேசுங்கள். 'அண்ணே, இந்த மாசம் இவ்வளவுதான் முடியும்' என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். எடுக்காத போன்தான் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கிறது. கண்ணை மூடி உட்காருவது, எடுக்க வேண்டிய போனை எடுக்காமல் இருக்க உதவினால் அது தப்பித்தல்தான். எடுக்க உதவினால் இல்லை. உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும்.

புத்தரின் வாக்குகளான தம்மபதத்துக்கு எழுதிய பழைய உரையில் ஆளவி என்ற ஊர்க்காரன் ஒருவன் வருகிறான். ஏழை உழவன். புத்தர் ஊருக்கு வந்திருக்கிறார், கேட்கப் போக ஆசை. அன்றைக்கென்று அவன் மாடு காணாமல் போய்விடுகிறது. மாடுதான் பிழைப்பு, உங்களுக்குப் படகு மாதிரி. தேடிக் கண்டுபிடித்துவிட்டு, பசியோடு வந்து சேர்கிறான். அதுவரை புத்தர் பேசத் தொடங்கவில்லை, அவனுக்காகக் காத்திருக்கிறார். வந்ததும் உபதேசம் செய்யவில்லை. மிச்சம் இருக்கும் உணவை இவனுக்குப் போடுங்கள் என்கிறார். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. பிட்சுகள் முணுமுணுக்கிறார்கள், நோயிலெல்லாம் பெரிய நோய் பசி என்று அவர்களுக்குப் பதில் சொல்கிறார். மாட்டை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று அந்த உழவனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் மணிமேகலையிலும் இதே வரிசைதான்: அமுதசுரபி கைக்கு வருவது 11ஆம் காதையில், அவள் நோன்பு ஏற்பது கடைசியான 30ஆம் காதையில்.

ஆகவே உட்காருவதைக் காலையில் இருபது நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உட்கார முடியாத நாளில் கரையோரம் நடங்கள். நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என்று நான்கு நிலையிலும் கவனிக்கச் சொல்லித்தான் சதிபட்டான சூத்திரம் என்ற புத்தரின் உரை இருக்கிறது. ஈர மணலில் குதிகால் பதிவதையும் விரல் எழும்புவதையும் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும். மிச்ச நேரம் மீன்துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் வேண்டும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அதுதான். பேச்சு நின்று, சாப்பாடு குறைந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. அவருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள், மந்திரித்துக் கட்டவும் அழைத்துப் போகாதீர்கள். நம் கடற்கரைக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. மருத்துவம் கிடைக்க வேண்டியவர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அப்பாவை இந்த வாரமே அழைத்துப் போங்கள். அவர் வர மறுத்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மனஸ் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உங்களுக்கே தூக்கம் போய்விட்டாலும், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலும் அதே எண்தான்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது; வேறு படகில் கூலிக்குப் போகும் வருமானமும் நின்றுவிடும். அதற்கு முன்பே ஒரு நாள் மனைவியோடு உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அவர் கேட்டதற்குப் பதிலை அந்த நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் பேசலாம். எழுதியதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.