ஷெஃபீல்ட் ஆங்கிலம் புரியவில்லை என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7.5 வாங்கிக்கொண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்தும் பஸ் ஓட்டுநர் சொல்வது பாதிதான் விளங்குகிறது, நானும் இவர்களைப் போலவே பேசப் பழக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2008 கடைசியில் மதுரையிலிருந்து இதே ஊருக்கு வந்தவன், எனக்கும் இதே கதைதான். எனக்குக் கைகொடுத்தது ஒரு ராக் ஆல்பம். சிரிக்க வேண்டாம்.

வந்த மூன்றாம் மாதம் மழைக்கு ஒதுங்கிய ஒரு சாரிட்டி ஷாப்பில் (தர்ம காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் கடை), ஒரு பவுண்டுக்கு அந்த சிடியை வாங்கினேன். அட்டையில் ஒருவன் கறுப்பு வெள்ளையில் சிகரெட் இழுத்துக்கொண்டிருக்கிறான், சிடியின் மேலேயே துண்டு சிகரெட் நிறைந்த சாம்பல் கிண்ணத்தின் படம். கல்லாவில் இருந்த பாட்டி, எங்க ஊர்ப் பசங்க என்று பெருமையாகச் சொன்னார் (அதுவும் இரண்டாம் முறை சொன்னபோதுதான் புரிந்தது). ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பம் அது, பெயர் கொஞ்சம் நீளம்: 'வாட்எவர் பீப்பிள் ஸே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐ ஆம் நாட்'. 2006 ஜனவரியில் வந்தது. நான்கு பேர், ஊரின் வடக்கு ஓரத்தில் ஹை கிரீன் பக்கம் உருவான குழு, பாடுகிற அலெக்ஸ் டர்னருக்கு அப்போதுதான் 20 வயது முடிந்திருந்தது. கச்சேரிகளில் சும்மா கொடுத்த டெமோ சிடிகளை ரசிகர்கள் இணையத்தில் பரப்பிவிட, ஆல்பம் வெளிவரும் முன்பே பாதிப் பாட்டு கூட்டத்துக்கு மனப்பாடம். முதல் வாரத்தில் மட்டும் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது.

இளையராஜா கேட்டு வளர்ந்த காதுக்கு முதல் தடவை தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரிதான் இருந்தது. மெட்டைத் தேடினால் கிடைக்கவில்லை, சொற்கள் ஓடுகின்றன, மூச்சு விடக்கூட அந்தப் பையன் நிற்கவில்லை. நான்காம் ஐந்தாம் தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது, இவன் பாடவில்லை, டிராமில் என் பின் சீட்டுப் பையன்கள் பேசுவதைத்தான் தாளத்தில் வைத்துத் தருகிறான். இங்கிலாந்தில் எத்தனையோ பேர் மைக் முன் நின்றால் அமெரிக்கக் குரலுக்கு மாறிவிடுகிறார்கள், இவன் மாறவில்லை. 'இஸன்ட்' இவன் வாயில் 'இன்ட்'. டாக்ஸிக்குள் ஆறு பேர் திணிக்கப் பார்க்கும் பாட்டில் ஹில்ஸ்பரோ வழியாக ஹை கிரீனுக்கு என்று வழி சொல்கிறான், அந்த வழியில் நானே தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கேட்டேன், அதற்கப்புறம் பஸ் ஓட்டுநர் விளங்க ஆரம்பித்தார். 'மார்டி பம்' என்று ஒரு பாட்டு. மார்டி எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத சொல், ஆனால் நமக்கு அதற்கு அச்சு அசலான சொல் உண்டு: உம்மணாமூஞ்சி. கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் காதலியிடம் கெஞ்சும் பாட்டு, ஆல்பத்தில் என் வீட்டுக்காரிக்குப் பிடித்த ஒரே பாட்டும் அதுதான்.

சரி, அவர்களைப் போலப் பேச வேண்டுமா? இங்கே ஆண்கள்கூட ஆண்களை 'லவ்' என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள், அதையும் 'லுவ்' என்றுதான் சொல்வார்கள். நானும் ஒட்டிக்கொள்ளலாம் என்று, அப்போது வேலை பார்த்த கிடங்கில் வாசல் காவலரிடம் "தேங்க்ஸ், லுவ்" என்றேன். ஒரு வாரம் கேன்டீனே என்னை அப்படித்தான் கூப்பிட்டது. அந்த வாரம் 'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' பாட்டைக் கேட்டபோது முகம் சிவந்துவிட்டது. அமெரிக்கர்கள் மாதிரி பாவனை காட்டும் உள்ளூர் பேண்டு ஒன்றை வைத்து வாங்குவாங்கென்று வாங்குகிறான், நீ நியூயார்க்காரன் இல்லையப்பா, ராதர்ஹாம்காரன் என்கிறான். ராதர்ஹாம் நம் பக்கத்து ஊர், தெரியும்தானே. பக்கத்து ஊர்க்காரன் பாவனை செய்தாலே இந்த அடி என்றால் மதுரைக்காரனுக்கு என்ன கிடைக்கும்! அன்றைக்கு விட்டேன். காது அவர்களுடையதாக மாறட்டும், நாக்கை விட்டுவிடுங்கள். கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், அவர்களுக்குப் புரியும்.

ஆல்பம் முழுக்கப் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். நடுவில் இரண்டு மூன்று பாட்டு ஒரே வேகத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகிறது, கிளப்பில் பெண்களைப் பார்க்கும் பார்வையும் சில இடங்களில் எனக்கு ஒப்பவில்லை, இருபது வயதுப் பையன் பார்வைதான் அது. ஆனால் கடைசிப் பாட்டு வேறு. 'எ செர்டன் ரொமான்ஸ்', ஐந்தரை நிமிடம், மேட் ஹெல்டர்ஸின் டிரம்ஸ் சரமாரியாகத் தொடங்கும். கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு திரியும் முரட்டுப் பையன்களை முதலில் கிண்டல் அடிக்கிறான், இந்த ஊரில் காதலாவது கவிதையாவது என்கிற தொனி. அப்புறம் மெல்ல இறங்கி வருகிறான். அதோ நிற்பவர்கள் என் நண்பர்கள், எல்லை மீறினாலும் அவர்கள்மேல் அதே மாதிரி கோபப்பட முடியவில்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறான், மீதியை கிட்டார் பார்த்துக்கொள்கிறது. அதே உடுப்பில் என் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நான்கு பேருக்குப் பயந்து நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாட்டைக் கேட்டதும் பயம் பறந்துவிட்டது என்று கதை விடமாட்டேன், ராத்திரியில் இப்போதும் கடப்பேன். பகலில் நிற்க ஆரம்பித்தேன். ஒருநாள் அதில் ஒருவன் நேரம் கேட்டான், சொன்னேன், "டா" என்றான். நம் ஊர் 'டா' இல்லை, இங்கே அது நன்றி.

பதின்மூன்று பாட்டு, நாற்பது நிமிடம்தான். முதலில் கடைசிப் பாட்டைக் கேளுங்கள், பிறகு ஆரம்பத்துக்குப் போங்கள். அப்புறம் பாட்டில் வராத ஒன்று: பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் ஐந்தரைக்கு 'டீ'க்குக் கூப்பிட்டால் அது டீ இல்லை, முழு இராச்சாப்பாடு. நான் வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் போனவன்.