பி.ஆர்க். படிப்பு: கல்விக் கட்டணம் பாதிச் செலவுதான்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதம் கைக்கு வருவது 52,000 ரூபாய். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவு. சென்னையில் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) படிக்க ஆசைப்படுகிறாள். அண்ணா பல்கலைக்கழகம் கிடைத்தால் நல்லது. ஆனால் ஒரு தனியார் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 1,60,000 ரூபாய் என்றும், நிர்வாக ஒதுக்கீட்டில் இப்போதே சீட்டை உறுதிசெய்யத் தனியாக 5 லட்சம் என்றும் சொல்கிறார்கள். அதில் 50,000 முன்பணமாக வேண்டுமாம். வங்கியில் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, வீட்டில் 20 சவரன் நகை. மாதம் 8,000 மிச்சம் பிடிக்க முடியும். மகன் எட்டாம் வகுப்பு. சீட்டைப் பிடித்துவிடலாமா? நகையை விற்பதா, கடன் வாங்குவதா?

பதில்: முதலில் அந்த 50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கட்டணத்துக்கு மேல் ரசீது இல்லாமல் வாங்கும் நன்கொடை, தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கியும் கடன் தராது. அதாவது அந்த 5 லட்சம் முழுவதும் உங்கள் எஃப்.டி.யிலிருந்துதான் போகும். அதன் பிறகு ஐந்து வருடப் படிப்புக்கு உங்களிடம் மிஞ்சுவது ஒரு லட்சமும் நகையும்தான்.

இப்போது உண்மையான செலவைப் பார்ப்போம். பி.ஆர்க். ஐந்து வருடம், பத்து செமஸ்டர். இன்ஜினீயரிங்கோடு ஒப்பிட்டு ‘கட்டணம் கூடக்குறைய அதேதானே’ என்று நினைக்கும் பெற்றோர்தான் மூன்றாம் வருடத்தில் தடுமாறுகிறார்கள். ஒரு வருடம் கூடுதல் என்பது ஒருபுறம். படம் வரையும் ஷீட், மாடல் செய்யும் போர்டு, ஏ1 அளவில் எடுக்கும் பிரின்ட் என்று செமஸ்டர் முழுக்கக் கைக்காசு கரைந்துகொண்டே இருப்பது இன்னொருபுறம். ஜூரிக்கு (மாணவர் தன் வடிவமைப்பை நடுவர்கள் முன் விளக்கும் தேர்வு) முந்தைய வாரம்தான் செலவின் உச்சம். அன்றைக்குப் பணம் இல்லை என்று பிள்ளை மாடலைப் பாதியில் நிறுத்தினால், அது மதிப்பெண்ணிலேயே தெரியும்.

திட்டமிட இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். விடுதியும் சாப்பாடும் ஆண்டுக்கு 90,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 4.5 லட்சம். வரைபொருள், மாடல், பிரின்ட் ஆண்டுக்கு 25,000 வீதம் 1.25 லட்சம். லேப்டாப் 85,000. கல்விச் சுற்றுலாக்கள் 60,000. இறுதி செமஸ்டர் தீசிஸ் வேலைக்குக் கூடுதலாக 40,000. அலுவலகப் பயிற்சி செமஸ்டருக்கு 50,000. இந்தக் கடைசி இனத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆர்க்கிடெக்ட் அலுவலகம் ஒன்றில் பயிற்சி பெறுவது படிப்பின் கட்டாயப் பகுதி. அப்போதும் கல்லூரிக் கட்டணம் உண்டு. பெங்களூரில் பயிற்சி கிடைத்தால் அங்கே வாடகையும் சேரும். அலுவலகம் தரும் உதவித்தொகை அதற்குப் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆக, கல்விக் கட்டணம் தவிர்த்து 8.1 லட்சம்.

இத்துடன் தனியார் கல்லூரிக் கட்டணம் 8 லட்சத்தைக் கூட்டினால் 16.1 லட்சம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் இடம் கிடைத்து, ஆண்டுக்கு 60,000 என்று தாராளமாகவே வைத்தாலும் 11.1 லட்சம். நன்கொடையைச் சேர்க்காமலேயே 5 லட்சம் வித்தியாசம்.

லேப்டாப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதல் வருடம் பெரும்பாலும் கையால் வரைவதுதான். டிராஃப்டிங் போர்டு, டீ-ஸ்கொயர், செட் ஸ்கொயர், ஸ்கேல் போதும். பிளஸ் டூ முடித்த கையோடு வாங்கும் லேப்டாப், ரெண்டரிங் (வடிவமைப்பை நிஜம்போன்ற படமாக்கும்) வேலை கூடும் மூன்றாம் வருடத்தில் திணறத் தொடங்கும். கல்லூரி சொல்லும் கிராஃபிக்ஸ் கார்டு அளவைக் கேட்டு, இரண்டாம் வருடம் வாங்கிக்கொள்ளலாம். ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைபட மென்பொருள்களுக்கு மாணவர் உரிமம் இலவசமாகவே கிடைக்கிறது.

உங்கள் கையிருப்பு என்ன? 6 லட்சத்தில் 2 லட்சத்தைத் தொடவே கூடாது. நான்கு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவான அவசர நிதி அது. மீதி 4 லட்சம், மாதம் 8,000 வீதம் ஐந்து வருடச் சேமிப்பு 4.8 லட்சம், மொத்தம் 8.8 லட்சம். அரசு இடம் (அண்ணா பல்கலைக்கழகம்) என்றால் பற்றாக்குறை 2.3 லட்சம். தனியார் என்றால் 7.3 லட்சம்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. தவணை, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான் தொடங்கும். கேட்க நிம்மதியாக இருக்கும்; ஆனால் அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் 7.5 லட்சத்தை 10 சதவீதத்துக்கு வாங்கினால், தவணை தொடங்கும்போது தனிவட்டி மட்டும் 3 லட்சம் சேர்ந்திருக்கும். 10.5 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 13,900 ரூபாய். ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு மாதம் 20,000 சம்பளம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். மிஞ்சும் 6,100 ரூபாயில் அவள் எங்கே தங்கி, என்ன சாப்பிடுவாள்? 2.5 லட்சம் கடன் என்றால் அதே கணக்கில் தவணை 4,600 சொச்சம்தான். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அரசு இடத்துக்கு முழு முயற்சி எடுக்கச் சொல்கிறேன்.

அந்த இடம் கிடைக்க வழி: தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் தரவரிசை 400 மதிப்பெண்ணுக்கு. பிளஸ் டூவுக்கு 200, கட்டடக்கலை நுழைவுத் தேர்வான நாட்டாவுக்கு 200. நாட்டாவில் 80 மதிப்பெண் வரைதலுக்கும் வடிவமைப்புக்கும், 120 மதிப்பெண் கணினி வழித் தேர்வுக்கும். ஒரே ஆண்டில் ஒரு முறைக்கு மேல் எழுத அனுமதி உண்டு. முதல் முயற்சியோடு நிறுத்திவிடாதீர்கள். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம், உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கூடவே ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாளும் எழுதட்டும்; திருச்சி என்.ஐ.டி., விஜயவாடா எஸ்.பி.ஏ. (மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனம்) ஆகியவற்றுக்கு அதுதான் வாசல். ஆனால் என்.ஐ.டி. என்றாலே மலிவு என்று எண்ண வேண்டாம். அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் தவிர மற்றவர்களில் 5 லட்சத்துக்குள் குடும்ப வருமானம் இருப்பவர்களுக்குத்தான் சலுகை. உங்கள் வருமானம் 6.24 லட்சம்.

அதே வருமானம் இன்னொரு இடத்தில் உங்களுக்குச் சாதகம். பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தத் திட்டமே கிடையாது. வேறு அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கும் மானியம் இல்லை. வங்கியில் கல்விக் கடன் வட்டிக்கான 80இ வரிவிலக்கைப் பெரிதாகச் சொல்வார்கள். புதிய வரிமுறையில் அது கிடையாது. உங்கள் வருமானத்துக்கு அதில் எப்படியும் வரி வராது என்பதால் அதை நம்பிக் கடனைக் கூட்ட வேண்டாம்.

கடன் விண்ணப்பத்தில் பலர் சறுக்கும் இடம், கல்லூரியிலிருந்து வாங்கும் செலவு மதிப்பீட்டுக் கடிதம். கல்விக் கட்டணமும் விடுதியும் மட்டும் எழுதி வாங்கி வருகிறார்கள். லேப்டாப், கருவிகள், கல்விச் சுற்றுலா, தீசிஸ் செலவுகளுக்கும் கடன் உண்டு. முதல் நாளே கடிதத்தில் ஐந்து வருடத்துக்கும் அவை இருக்க வேண்டும். விட்டுவிட்டு நாலாம் வருடம் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். அப்போது தனிநபர் கடன்தான் கதி. படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகள் உண்டு. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2.5 லட்சக் கடனுக்கு முதல் வருட வட்டி மாதம் 417 ரூபாய்தான். ஐந்தாம் வருடம்கூட 2,083. உங்களால் முடியும்.

எஃப்.டி.யில் 4 லட்சத்தை ஒரே ரசீதாக வைக்காமல், ஜூன், டிசம்பரில் முதிரும்படி 50,000 வீதம் எட்டாகப் பிரியுங்கள். பாதியில் உடைத்து வட்டியை இழக்க வேண்டியிருக்காது. நகை விற்பனைக்கு அல்ல. கடன் தொகை வரத் தாமதமாகிக் கட்டணக் கெடு நெருங்கினால், சில வாரங்களுக்கு நாலைந்து சவரனை வங்கியில் வைத்து மீட்கலாம், அவ்வளவுதான். மகன் கல்லூரிக்குப் போகும்போது மகளுக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு பாக்கியிருக்கும். அந்த நகை அவனுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. டிசைன் ஸ்டுடியோ எனும் வடிவமைப்புச் செய்முறைப் பாடத்தில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வு அரியர்போல வீட்டில் படித்து எழுதிவிட முடியாது. பல கல்லூரிகளில் அந்த ஸ்டுடியோவை மீண்டும் முழுதாகச் செய்ய வேண்டும். ஐந்து வருடம் ஆறாகிவிடும். அவசர நிதி 2 லட்சத்தைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு இடம் கிடைக்காமல் போனால்? கலந்தாய்வு வழியே தனியார் கல்லூரியில் கிடைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடத்தை எடுங்கள். எந்தக் கல்லூரியானாலும், கட்டடக்கலை மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு அதன் பெயரும் அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையும் உள்ளதா என்று மன்றத்தின் இணையதளத்தில் பாருங்கள். அங்கே பதிவு பெறாமல் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அதே பள்ளியில் நான்கு வருட பி.பிளான். (நகரத் திட்டமிடல்) படிப்பும் உண்டு, ஒரு வருடச் செலவு மிச்சம். ஆனால் அதைப் படித்து ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. மகளுக்கு நகரத் திட்டமிடலில் உண்மையான விருப்பம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்த மாதமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது. அது கையில் இல்லாமல் வட்டி மானியத்துக்கு மனுவே போட முடியாது.