அம்மாவை வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போகும் முன்

கேள்வி: மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. 30 வருடம் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். நானும் தங்கையும் இரண்டு நாள் அவரை வெளியே அழைத்துப் போகிறோம்: சுங்கை கிளா வெந்நீர் ஊற்று, மசாஜ், கடைச் சாப்பாடு, திரும்பும்போது பாசாரில் சாமான். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். அத்தனை வருடம் மற்றவர்களுக்காக விடியற்காலையில் எழுந்தவர் அவர்.

கடைச் சாப்பாட்டில் சர்க்கரை ஏறிவிடுமோ என்றுதான் பிள்ளைகள் பயப்படுவார்கள். எனக்குப் பயம் வேறு இடத்தில். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு காத்திருக்கிறதே என்று அம்மாக்கள் பசியாறாமல் வந்துவிடுவார்கள். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருப்பார்கள். அந்த வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்குவதுதான் ஆபத்து.

கிளிக்லாசைட் போன்ற இனிப்பு நீர் மாத்திரை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். வெந்நீரில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் ஊசி போட்ட இன்சுலினும் வேகமாக உடம்பில் சேரும். ரத்தக் குழாய்கள் விரிந்து கொதிப்பும் இறங்கும். இன்னொன்றும் உண்டு: சர்க்கரை இறங்குவதற்கு அடையாளம் வியர்வையும் படபடப்பும். வெந்நீரில் எல்லாருக்குமே வியர்க்கும் என்பதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும்.

ஆகவே பசியாறி, மாத்திரை போட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து, வெயில் ஏறும் முன் இறங்கட்டும். பத்து நிமிடம் போதும். எழும்போது விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் பாதத்தால் வேண்டாம். நாள்பட்ட இனிப்பு நீரில் பாதம் மரத்துப் போயிருக்கலாம், வெந்தாலும் உறைக்காது. அங்கே முட்டை வேகவைக்கும் குளமே இருக்கிறது, அவ்வளவு சூடு. நடக்கும்போது செருப்பைக் கழற்ற விடாதீர்கள்.

குளுக்கோமீட்டரைக் கையில் வைத்திருங்கள். 4-க்குக் கீழே (mmol/L அளவில்) காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஊசியின் நேரத்தையோ அளவையோ மாற்ற நினைத்தால் கிளினிக்கில் கேட்காமல் செய்யாதீர்கள்.

மசாஜ் நல்லதுதான். ஊசி போடும் இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்டுக்காரர்களின் பாதத்தில் பித்தவெடிப்பு சாதாரணம். அதை பிளேடால் சுரண்ட விடவே கூடாது. பாதத்தை மீன் கடிக்கும் தொட்டியும் வேண்டாம், புண் வந்தால் ஆற நாளாகும்.

சாப்பாட்டுக்கு நம் சுகாதார அமைச்சின் 'சூக்கு சூக்கு செபாரோ' (கால், கால், பாதி) கணக்கே போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதிக்குக் காயும் பழமும். பீடோர் வாத்து மீ ஆசைப்பட்டால் சாப்பிடட்டும். சூப்பில் உப்பு அதிகம் என்பதால் அதைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்குக்குப் பதில், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் அவரிடம் கெஞ்சியாவது கேளுங்கள். கெட்டிப்பால் சீனி யாருக்கும் கணக்கில் தெரிவதில்லை.

பாசாரைக் கடைசியில் வையுங்கள். மீனும் இறைச்சியும் வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் மத்தியானத்துக்கு இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். காடியில் ஐஸ் போட்ட பெட்டி இருக்கட்டும். இன்சுலினையும் பூட்டிய காடியில் விட்டுப் போகாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். அதற்காக ஐஸ் மேலே நேராக வைத்து உறையவும் விடாதீர்கள். பீடோர் கொய்யா வாங்குங்கள், நார்ச்சத்து நிறைய. அதன் மேல் தூவும் புளிப்பும் உப்புமான அசாம் பொடி மட்டும் வேண்டாம், உப்பு கொதிப்பை ஏற்றும்.

ஞாயிறு இரவு வீடு சேர்ந்ததும் அம்மாவின் காலைத் துடைத்து, விரல் இடுக்கு உட்பட டார்ச் அடித்துப் பாருங்கள். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால், வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும், திங்கள் காலை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.